ரிப்பேரோட விக்கறதா, சரி பண்ணிட்டு விக்கறதா: ஒரே வண்டி, அஞ்சு விலை

வண்டி 2013 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,42,000 கிலோமீட்டர், நான் செகண்ட் ஓனர், கோயமுத்தூர் ரெஜிஸ்ட்ரேஷன். இன்ஜின் ஒரு காலத்துல பாதி கம்பெனிக்காரங்க போட்டுட்டிருந்த ஃபியட் 1.3 மல்டிஜெட், அதனால ஸ்பேர் எந்த ஊர்லயும் கிடைக்கும், கை வைக்கத் தெரியாத மெக்கானிக்கும் கிடையாது. ஆனா விக்கலாம்னு முடிவு பண்ணப்ப வண்டியில நாலு கோளாறு இருந்துச்சு. கிளட்ச் ஸ்லிப் ஆகுது, ஏசி காத்து மட்டும் தான் வருது, முன்னாடி பக்கம் பள்ளத்துல இறங்குனா டொக் டொக்குன்னு சத்தம், அப்புறம் மேட்டுல இழுவை இல்லாம ஒரு விசில் சத்தம். எல்லாம் நான் ஓட்டுன ஓட்டத்துல தேஞ்சது தான், வண்டிய குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

வழக்கமா போற பட்டறையில எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்: கிளட்ச் செட் கூலியோட 13,500, ஏசி கூலிங் காயில் 11,000 (டேஷ்போர்டக் கழட்டணும், அதுக்குத்தான் கூலி), முன்பக்கச் சத்தத்துக்கு லோயர் ஆர்ம் லிங்க் ராடு 6,500, இழுவைக்கும் விசிலுக்கும் டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பறது) ரீகண்டிஷன் 18,500. ஆக மொத்தம் 49,500. இதே வருஷம் இதே மாடல் நல்ல கண்டிஷன்ல இருக்கறத விளம்பரத்துல மூணரை லட்சம்னு போடுவாங்க, ஆனா கை மாறுற விலை 3.15 லட்சம் தான், விளம்பர விலைய வச்சு கணக்கு போட்டீங்கன்னா ஆரம்பத்துலயே தப்பு.

இப்ப ஒவ்வொண்ணா வரேன். முதல் வழி, எல்லாத்தையும் சரி பண்ணிட்டு விக்கறது. 3.15-ல இருந்து 49,500 போனா கையில 2,65,500. கேக்க நல்லா இருக்கு, ஆனா அம்பதாயிரத்த முதல்ல நாம இறக்கணும், டர்போவ கழட்டுன பிறகு "அண்ணா, இன்ஜெக்டரும் பாத்துருவோம்"னு ஒரு போன் வந்தா அந்தக் கணக்கு அதோட முடிஞ்சுது. புது கிளட்ச் போட்டேன்னு பில்லக் காட்டுனா வாங்கறவர் தலையாட்டுவாரே தவிர அதுக்காக பத்தாயிரம் கூடக் குடுக்க மாட்டார், ஏன்னா கிளட்ச் நல்லா இருக்கணுங்கறது அந்த 3.15-லயே அடக்கம்.

ரெண்டாவது வழி, உள்ளதச் சொல்லி அப்படியே விக்கறது. கணக்குப்படி இதுலயும் 2.65 தான வரணும்? எஸ்டிமேட் பேப்பர கையிலயே வச்சிட்டு மூணு பேருக்கு வண்டியக் காட்டுனேன், வந்த விலை 2.10, 2.25, 2.20. அதாவது அம்பதாயிரம் ரிப்பேருக்கு அவங்க கழிக்கறது தொண்ணூறாயிரத்துல இருந்து ஒரு லட்சத்துக்கு மேல வரைக்கும். முதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா அவங்க பக்கமும் சரிதான். கிளட்ச்சுக்கு யாரும் பெருசா கழிக்கல, கிளட்ச் விலை எல்லாருக்கும் தெரியும். டர்போங்கற வார்த்தையக் கேட்டதும் தான் மூஞ்சி மாறுது, கூட வந்த மெக்கானிக் ஆயில் மூடியத் திறந்து புகை வருதான்னு பாக்கறார், சைலன்சர் பின்னாடி கைய வைக்கறார். ஒண்ணும் இல்லன்னாலும் "இன்ஜின் வேலை வரலாம்ண்ணா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா போச்சு. அவங்க கழிச்சது டர்போ செலவ இல்ல, செலவு எங்க போய் நிக்கும்னு தெரியாத பயத்த.

மூணாவது, கன்சல்டிங்ல, அதாவது பழைய கார் வாங்கி விக்கற கடையில, குடுக்கறது. சொன்ன விலை 2.05, அன்னிக்கே காசு. இவங்களத் திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிக்கணும், ரிப்பேர அவங்க பண்ணணும், வண்டி நிக்கற நாளுக்கு வட்டி போகும், ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ணவங்கன்னா 2025 ஜனவரில இருந்து லாபத்து மேல 18 சதவீதம் கட்டணும், சின்ன காருக்கு முன்னாடி அது 12 தான். நாம தனி ஆளா நம்ம வண்டிய வித்தா அந்த வரி கிடையாது. ஆனா கன்சல்டிங்ல எனக்குப் பயம் விலை இல்ல, "பேரு அப்புறமா மாத்திக்கலாம், ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க"ன்னு சொல்றது தான். ஆர்சில பேரு மாறாத வரைக்கும் விபத்து நஷ்ட ஈட்டுக்கு ஆர்சில பேரு இருக்கறவர் தான் பொறுப்புன்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2023 ஏப்ரல்ல இருந்து அங்கீகாரம் உள்ள டீலர்கிட்ட வண்டிய விட்டா ஃபார்ம் 29சி மூலமா ஆர்டிஓக்கு தெரியப்படுத்தணும்னு விதி இருக்கு, அத பண்றவங்கன்னா தாராளமா குடுக்கலாம்.

நாலாவது, ஆன்லைன்ல விலை கேக்கறது. போன்ல 2.70, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் போட்டோ எடுத்த பிறகு 1.88. இதப் பத்தி அவ்வளவு போதும். எக்ஸ்சேஞ்ச் புது வண்டி வாங்கறவங்களுக்குத்தான், அதுலயும் போனஸக் கூட்டிட்டு ஷோரூம் டிஸ்கவுண்ட்ல குறைச்சிருவாங்க, ரெண்டையும் சேர்த்து ஆன்ரோடு விலையக் கேட்டாத்தான் உண்மை தெரியும்.

இவ்வளவும் பாத்த பிறகு ஒரு மாமா சொன்னாருன்னு வேற பட்டறைக்குப் போனேன், ஸ்கேனர் போட 800 ரூபா. அவர் டர்போவத் தொடவே இல்ல, டர்போல இருந்து இன்ஜினுக்கு காத்து போற இன்டர்கூலர் ஹோஸக் கழட்டி வெரல விட்டு விரிச்சுக் காட்டுனார், மடிப்புல கிழிசல். காத்து அங்க லீக்காகறதாலதான் இழுவையும் இல்ல, விசிலும் வருது. ஹோஸ், கிளாம்ப், கூலி எல்லாம் 2,800. 18,500 செலவு பண்ணி டர்போவ மாத்தியிருந்தாலும் அந்த விசில் அப்படியே இருந்திருக்கும்!

அதனால அஞ்சாவது வழி தன்னால வந்துச்சு: பயம் காட்டறதையும் ஓட்டிப் பாக்கும்போது உறுத்தறதையும் மட்டும் சரி பண்றது. ஹோஸ், ஏசி, லோயர் ஆர்ம் மூணும் 20,300. ஏசிக்கு காயில் மாத்தாம கேஸ் மட்டும் அடிச்சு பத்து நாள் ஒப்பேத்தலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னார், அந்த வேலைய நான் பண்ணல, வாங்கிட்டுப் போறவர் நம்ம போன் நம்பரையும் சேர்த்துத்தான வாங்கிட்டுப் போறார். கிளட்ச்ச தொடல. எஸ்டிமேட் பேப்பர அப்படியே வச்சுட்டு 3.05-ன்னு விலை போட்டு, "கிளட்ச் மாத்தணும், 13,500 ஆகும்"னு முதல் வரிலயே எழுதிட்டேன்.

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தர் வந்தார். தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஓட்டம், அதனால டீசல் தான் வேணும், சின்ன டீசல் கார் இப்ப புதுசா அரிதாத்தான் வருது, மாருதியே 2020 ஏப்ரலோட டீசல நிறுத்திருச்சு. பத்து வருஷம் தாண்டுன டீசல் வண்டிய ஓட்டக்கூடாதுங்கற ரூல் டெல்லி சுத்துவட்டார சமாச்சாரம், நம்ம பக்கம் இல்லங்கறதும் அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ஆனா 2028-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு எஃப்சி காட்டி ஆர்சி புதுப்பிக்கணும்னு அவரே எடுத்துச் சொல்லி அதுக்கு ஒரு அஞ்சாயிரம் கேட்டார். கிளட்ச்சுக்கு இருபதுன்னு ஆரம்பிச்சு பேப்பரப் பாத்துட்டு பதினஞ்சுக்கு வந்தார். "இஞ்சின நம்ம பையன் பாத்துட்டானுங்க, அதுல ஒண்ணுமில்லைங்க"ன்னார், எனக்கு அது போதும். 2.90-ல முடிஞ்சுது. ஸ்கேனர் காசையும் சேர்த்துக் கழிச்சா கையில 2,68,900, அப்படியே வித்திருந்தா வந்திருக்கக்கூடிய 2.25-க்கு மேல நாப்பத்திமூணாயிரத்துச் சொச்சம், எல்லாத்தையும் மாத்துற வழியில கணக்குக்கு வந்தத விட மூவாயிரத்துச் சொச்சம் தான் அதிகம், ஆனா அதுக்கு அம்பதாயிரத்த முன்னாடியே போட வேண்டியிருக்கலை.

இன்னொண்ணு மறந்துட்டேன், நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாத வருஷத்துக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) வண்டிக்கு இல்ல, ஓனருக்குத்தான், இன்சூரன்ஸ்காரங்ககிட்ட லெட்டர் வாங்கி வச்சுக்கிட்டா மூணு வருஷத்துக்குள்ள வாங்கற அடுத்த காருக்குப் போட்டுக்கலாம். நான் அத வாங்கிட்டேன். அட்வான்ஸ் வாங்கி, ஆர்டிஓ வேலைய கூட நின்னு முடிச்சு, அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல அவர் பேரு வந்த அன்னிக்குத்தான் ரெண்டாவது சாவியக் குடுத்தேன்.