எட்டு வருட ஈ.கே.4: நான் குறைத்த நாலு கிலோ

போன கிழமை என் ஹொண்டா சிவிக் ஈ.கே.4 காரின் கிளச் தேய்ந்து கியர்பெட்டியை இறக்க வேண்டி வந்தது. இறக்கியதுதான் இறக்கியாயிற்று என்று, ஆறு வருடத்துக்கு முன்னர் பாரம் குறைந்த ஒன்றைப் போடுவதற்காகக் கழற்றி அரிசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த கம்பனி பிளைவீலையும் (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டு) தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். லேசாகத் துருப் பிடித்திருந்தது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்துப் பூட்டினார்கள். மறுநாள் பின்னேரம் கல்முனையிலிருந்து வரும்போது காத்தான்குடியில் வழமையான நெரிசல். ஏசி ஓடுகிறது, கார் நிற்கிறது. கம்ப்ரசர் பிடித்த சத்தம் கேட்டது. எஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் முள் கொஞ்சம் தாழ்ந்து, எஞ்சின் நிற்காமல் உடனே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். அந்த ஒரு நொடிக்குப் பயந்து பயந்தே ஆறு வருடம் இந்த வீதியில் ஓடியிருக்கிறேன். வீதி நடுவில் நிற்கும் பேரீச்சை மரங்களைப் பார்த்துக்கொண்டு அன்றைக்குத்தான் நிம்மதியாக இருந்தேன்.

இதை இப்போது எழுத இன்னொரு காரணமும் உண்டு. தம்பிலுவிலில் இருக்கும் மச்சான் கோல் எடுத்தார். "மச்சான், ஒரு ஈ.கே.4 விலைக்கு வந்திருக்கு. கேம், ஹெடர், லைட் பிளைவீல் எல்லாம் போட்டிருக்காம். எடுக்கட்டா?" கேம் என்றால் எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டு, ஹெடர் என்றால் எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் குழாய்கள். போனில் அரை மணி நேரம் சொல்லியும் சொல்லி முடியவில்லை. அவருக்கும், அவரைப் போல யோசித்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் இது.

காரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹொண்டா சிவிக் எஸ்ஐஆர், பி16ஏ எஞ்சின், 1595 சிசி, 7800 ஆர்பிஎம்மில் 170 குதிரைவலு. டர்போ இல்லாத 1.6 எஞ்சின் அந்தக் காலத்தில் அவ்வளவு கொடுத்தது பெரிய விடயம். ஆனால் அந்த 170 எங்கே இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். விடெக், அதாவது மேல் ஆர்பிஎம்மில் வால்வுகளைக் கூடத் திறக்கும் ஹொண்டாவின் முறை, விழுவது 5600 ஆர்பிஎம் அளவில். கம்பனி கியர், கம்பனி டயர் அளவோடு இரண்டாவது கியரில் அது ஏறத்தாழ 68 கிலோமீற்றர் வேகம். ஊருக்கு வெளியே நமக்குச் சட்டம் தருவது 70. ஐந்தாவது கியரில் அதே 70இல் போனால் எஞ்சின் சுற்றுவது 2300 ஆர்பிஎம் மட்டும்தான். அப்படியென்றால் கல்லடியிலிருந்து கல்முனைக்கு வேலைக்குப் போய்வரும் நான், என் நாளில் முக்கால்வாசியை 800க்கும் 3000க்கும் இடையில்தான் கழிக்கிறேன். நான் செலவழித்த காசு முழுக்க 6000 ஆர்பிஎம்முக்கு மேலே கிடைக்கும் வலுவுக்கு.

2017இல் வாங்கினேன். 2018, 2019 இரண்டு வருடமும் கை சும்மா இருக்கவில்லை. பம்பருக்குள் இறக்கிப் போட்ட கோல்ட் எயார் இன்டேக், 4-1 ஹெடர் (நாலு குழாய் நேரே ஒன்றாகச் சேர்வது), இரண்டரை அங்குலப் புகைப் பைப், பெரிய கேம், ஈசியூ (எஞ்சின் கம்பியூட்டர்) சிப், மெட்டல் கிளச், லைட் பிளைவீல். இன்டேக் முதலாவது மாரியிலேயே போய்விட்டது. மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்வெள்ளம் வீதியை மேவும் நாளில், பம்பரின் அடியில் மூச்சு இழுக்கும் எஞ்சினோடு போவது தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது போல. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ரொட் வளையும். ஒரு முறை பாதி வழியில் திரும்பி வந்து, அன்றிரவே கழற்றி, பழைய எயார் கிளீனர் பெட்டியைப் பூட்டினேன். இரண்டரை அங்குலப் பைப்புக்குச் சத்தம் வெளியில் பெரிதில்லை. உள்ளேதான் தலை இடித்தது. 2300க்கும் 2700க்கும் இடையில் ஒரு முழக்கம், சரியாக நாம் ஓடும் வேகத்தில். அம்மா களுவாஞ்சிகுடி வரைக்கும் காதைப் பொத்திக்கொண்டு வந்தா. அதுவும் போயிற்று. ஹெடரை 4-2-1 ஆக (நாலு இரண்டாகி, பிறகு ஒன்றாவது) மாற்றியதும் 3000 அளவில் இழுவை கொஞ்சம் திரும்பி வந்தது. இதெல்லாம் சின்ன விடயம்.

கேம் கொஞ்சம் பெரிய விடயம். பெரிய கேமில் உள்வால்வும் வெளிவால்வும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூட. மேலே ஆர்பிஎம்மில் அது மூச்சுக் கொடுக்கும். கீழே, ஐடிலில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, எரியாத பெற்றோலை அப்படியே வெளியே விடும். எஞ்சின் தள்ளாடும், வாக்யூம் (எஞ்சின் உறிஞ்சும் வலு) குறையும். வாக்யூம் குறைந்தால், பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வலு போதாது. நெரிசலில் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை பிரேக் அமத்தினால் பெடல் கல் மாதிரி நிற்கும். நான் முதலில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகித்து அதை மாற்றினேன். காசு வீண். வருடாந்த புகைப் பரிசோதனையிலும் ஐடிலில் ஹைட்ரோகாபன் கூடித் தோல்வி. அதே கார் 2500 ஆர்பிஎம்மில் பாஸ். கோளாறு எங்கே என்று அந்தத் துண்டுக் கடதாசியே சொல்லியது. நான்தான் கேட்கவில்லை.

சரி, பிளைவீலுக்கு வருவோம்.

கம்பனி பிளைவீல் ஏறத்தாழ எட்டுக் கிலோ. நான் போட்டது நாலு கிலோ சொச்சம். குறைந்தது நாலு கிலோதான், ஆனால் அது சுற்றுகிற நாலு கிலோ. ஏசி கம்ப்ரசர் பிடிக்கிற கணத்தில் எஞ்சின்மேல் திடீரென்று ஒரு சுமை விழுகிறது. கம்பியூட்டர் அதைத் தெரிந்துகொண்டு, ஐடில் வால்வைத் திறந்து கூடக் காற்று விடும். அதற்கு ஒரு சிறு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் தாண்ட வைப்பது பிளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சிதான். பாரம் பாதியானால் ஆர்பிஎம் விழும் வேகம் கூடுகிறது, வால்வு திறக்கும் வேகம் பழையதுதான். வால்வு திறந்து முடிவதற்குள் எஞ்சின் நின்றுவிடும். அதோடு ரேடியேட்டர் மின்விசிறி ஓடத் தொடங்கினால் ஆல்டனேட்டரும் இழுக்கும். இரவில் ஹெட்லைட்டும் சேரும். கச்சான் வீசும் மாதங்களில், பகல் முழுக்க அந்தச் சூட்டுக் காற்று அடிக்கும்போது, கம்ப்ரசரும் மின்விசிறியும் ஒன்றாக வராத நேரம் கிடையாது. மட்டக்களப்பில் கச்சான் காலத்தில் ஏசி இல்லாமல் குழந்தையை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அதற்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஐடில் வால்வைக் கழுவினேன், பிறகு வேறொன்று வாங்கிப் போட்டேன். எஞ்சின் மவுண்ட் மாற்றினேன். சிப்பில் ஐடிலை 1100க்கு ஏற்றினார்கள். ஏற்றியதும் நிற்பது குறைந்தது, ஊர்வது கெட்டுப்போயிற்று. முதல் கியரில் மெதுவாக ஊரும்போது கார் வெட்டி வெட்டி ஓடும். மெட்டல் கிளச் வேறு. ஒன்றில் பிடிக்கும், இல்லை விடும், இடையில் ஒன்றும் இல்லை. சிப் அடித்த இடத்தில் "இது எல்லாருக்கும் உள்ளதுதான், பழகிடும்" என்றார்கள். காசு வாங்கும்போது அந்த வசனம் அவர்கள் வாயில் வரவில்லை. ஏசி போடும் காருக்கு இது சரிவருமா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், நான் காசையும் மிச்சம் பிடித்திருப்பேன், ஆறு வருடத்தையும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பழகியது. மனைவிக்குப் பழகவில்லை. ஒரு நாள் மாலை அவர்தான் ஓட்டினார். கல்லடிப் பாலத்துக்கு ஏறும் சரிவில் வரிசை நின்றது. பின்னால் பஸ், அதன் முன்பக்கம் மட்டும்தான் கண்ணாடியில் தெரிகிறது. கிளச்சை விட்டார், அதே கணம் கம்ப்ரசர் பிடித்தது, எஞ்சின் நின்றது. திரும்ப ஸ்டார்ட், திரும்ப நின்றது. மூன்றாவது முறை கார் பின்னால் வழுகத் தொடங்கியது. பின் சீட்டில் மகள். பஸ்காரர் ஹோர்னிலிருந்து கை எடுக்கவில்லை. நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வீட்டுக்கு வந்து திறப்பை மேசையில் வைத்துவிட்டு, "இனி இந்தக் கார நான் தொடமாட்டன்" என்றார். சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு நாலு வருடம் பஸ்ஸில்தான் பாடசாலைக்குப் போனார். வீட்டு வாசலில் கார் நிற்க, மழைக்குள் குடையோடு அவர் பஸ்ஸுக்கு நடப்பதைப் பார்ப்பது எனக்கு நல்லாயிருக்கவில்லை. குதிரைவலு அளக்கும் எந்த டைனோத் தாளிலும் அது வராது.

நியாயமாகவும் சொல்ல வேண்டும். லைட் பிளைவீல் பொய்யான சாமான் இல்லை. கியர் குறைக்கும்போது அக்சலரேட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் எஞ்சின் சொன்ன இடத்தில் வந்து நிற்கும். இரண்டிலும் மூன்றிலும் ஆர்பிஎம் ஏறும் விதம், காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத மாதிரி. குதிரைவலு அதனால் ஒன்றும் கூடவில்லை, உள்ளதைச் சீக்கிரம் தந்தது. போட்டி மைதானத்தில் ஓடுபவருக்கு, ஏசி பெல்ட்டைக் கழற்றிவிட்டவருக்கு, அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

2022இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது இன்னொரு கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். பெரிய கேமும் ஏற்றிய ஐடிலும் சேர்ந்து எனக்குக் கிடைத்தது லீற்றருக்கு 8 கிலோமீற்றர். அது 160. கல்முனைக்கு இரண்டு முறை போய்வரச் சரி, மூன்றாவது நாள் பஸ். கம்பனி நிலையில் இதே கார் 12 கொடுத்தது, மூன்று நாளைக்குப் போதும். சிப்பில் இக்னிஷனை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்னுக்குத் தள்ளியிருந்ததால் ஒக்டேன் 92 பெற்றோல் அடிக்கவும் முடியாது. அடித்தால் பாரம் ஏறும்போது நாக்கிங், டப்பாவுக்குள் கல் குலுக்கிய மாதிரி. 95 வரும் செட்டைத் தேடிப்போகவே பெற்றோல் போயிற்று. அந்த வருடக் கடைசியில் பெரிய கேமைக் கழற்றினேன்.

அதற்குப் பதிலாகப் போட்டதுதான் இந்தக் காரில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம். சிவிக் டைப் ஆரின் பி16பி கேம். 1997இல் ஹொண்டாவே செய்து, அதே 1.6இல் 185 குதிரைவலு எடுத்த எஞ்சினின் கேம். விடெக் எஞ்சினில் கேம் ஒன்றானாலும் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று வேறு வேறு முகங்கள் உண்டு. ஹொண்டா மேல் முகத்தைக் கூர்மையாக்கியபோது கீழ் முகத்தை ஐடிலுக்கு ஒத்ததாகவே விட்டு வைத்தது. நான் போட்ட பெரிய கேமில் கீழ்முகமும் பெரிது. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது விளங்கவில்லை, கடையில் விளங்கப்படுத்தவும் இல்லை. இந்தக் கேமோடு ஐடில் நேரானது, பிரேக் பெடல் பழையபடி மெத்தென்று வந்தது, புகைப் பரிசோதனை முதல் தடவையே பாஸ். 7000க்கு மேல் இழுவை நான் காசைக் கொட்டிய காலத்தை விடக் குறைந்ததாகத் தெரியவில்லை. மிச்சம் இருந்தது பிளைவீல் மட்டும். கியர்பெட்டி இறக்கும் கூலிக்குப் பயந்து, கிளச் தேயட்டும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்திருக்கக் கூடாது. மனைவியின் மழைநாட்களுக்கு முன்னால் அந்தக் கூலி ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிய முன் பதுளை வீதியில் போய்ப் பார்த்தேன். செங்கலடி, கரடியனாறு, புல்லுமலை தாண்டி மகாஓயா. வெளிச்சம் வரும்வரை மெதுவாகத்தான், யானை நிற்கும் இடம். பிபிலைக்கு அப்பால் லுணுகலை, பசறை என்று வளைவுகள் ஏறத் தொடங்கும் இடத்தில் இரண்டாவது கியரில் ஒரு முறை விடெக் வரைக்கும் விட்டேன். ஆர்பிஎம் முன்னைப் போலப் பறக்கவில்லை. ஒரு கணம் மனம் அந்த நாலு கிலோவைத் தேடியது, உண்மை. ஆனால் வளைவில் 3000இல் இருந்து வெளியேறும்போது கார் அமைதியாக, பாரத்தோடு இழுத்துக்கொண்டு போனது. கியரைக் குறைக்கவே தேவை வரவில்லை. சில்லுகளைத் தாங்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன் எவ்வளவு நல்லது என்று எட்டு வருடத்தில் முதல் தடவை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதுவரை முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். ஏசி முழுதாக ஓடிக்கொண்டிருந்தது. போகும் வழி முழுக்க மனைவி தூங்கினார். வரும்போது மகாஓயாவிலிருந்து அவர்தான் ஓட்டினார்.

இவ்வளவு சொல்லிவிட்டு மச்சானுக்கு நான் சொன்ன பதில்: எடுக்காதீங்க. கார் மோசம் என்று இல்லை. அந்தக் காரில் மற்றவர் போட்ட கேம் எது, சிப்பில் என்ன எழுதியிருக்கிறது, கம்பனி பிளைவீல் எங்கே கிடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கம்பனி சாமான்களைச் சாக்கில் கட்டி டிக்கியில் வைத்துத் தந்தால் பேசுங்கள். தராவிட்டால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். இன்னொன்று, பார்க்கப் போவதென்றால் மத்தியானம் 2 மணிக்குப் போங்கள். ஏசியையும் லைட்டையும் போட்டு, மின்விசிறி ஓடும் வரைக்கும் நிற்பாட்டி வைத்திருங்கள். பிறகு அக்காவிடம் திறப்பைக் கொடுத்து அக்கரைப்பற்று பஜாருக்குள்ளால் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள்.

அவர் வருகிற சனிக்கிழமை போகிறாராம். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார். கட்டாயம் போவேன், மனைவியையும் கூட்டிக்கொண்டு.