மூன்று வருடமாக வகுப்பில் புள்ளி போட்ட செயலி: என் அனுபவம்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் போன வாரம் கேட்டார்: "மிஸ், நீங்க வகுப்பில புள்ளி போடுற செயலிய நானும் போட்டுக்கலாமா?" நின்ற இடத்தில் பதில் வரவில்லை. மூன்று வருடமாகக் கையில் இருப்பதைப் பற்றி ஒரு வரியில் எப்படிச் சொல்வது?

இந்த மாதிரிச் செயலிகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொம்மைப் படம். நல்லது செய்தால் புள்ளி கூடும், சேட்டை செய்தால் குறையும், எல்லாம் பெற்றோரின் போனுக்கும் போகும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் குலுக்கும் வசதி அருமை. கை தூக்கும் நாலைந்து பேரிடமே வருடக்கணக்காகக் கேள்வி கேட்டுவந்திருக்கிறேன் என்று அதைப் பயன்படுத்திய முதல் வாரத்தில்தான் தெரிந்தது. டைமர் அதைவிட அருமை. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறோம் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். 3 நொடி பொறுத்தால் பதில்கள் நீளும், வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுவார்கள் என்பதும் அவர் கண்டதுதான். வகுப்பின் முன்னால் நின்று பாருங்கள், 3 நொடி அவ்வளவு நீளம். திரையில் டைமர் ஓடுவதைப் பார்த்துத்தான் நான் பொறுக்கக் கற்றுக்கொண்டேன். வருடம் முழுக்கப் பேசாமல் இருந்த ஒரு பெண் அப்படி ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து பதில் சொன்னாள். அந்த ஒரு நாளுக்காகவே இதற்கு நன்றி சொல்வேன்.

இனி, கழித்தல் புள்ளி.

அந்தப் பொத்தானை அழுத்தினால் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் வரும். நிறுத்தி வைத்தாலும் அப்டேட் வந்ததும் திரும்ப வந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அழுத்திய நொடியே வீட்டுக்குத் தகவல் போய்விடுகிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன மாதம் இரண்டாவது பீரியடில், பக்கத்துப் பையனோடு பேசுகிறான் என்று ஒருவனுக்குப் புள்ளி குறைத்தேன். அப்புறம் கிட்டே போய்ப் பார்த்தால், கணக்கு புரியாமல் திணறியவனுக்கு வழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். உடனே புள்ளியைத் திருப்பிப் போட்டேன். திரையில் எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டுக்குப் போன செய்தி போனதுதான். மறுநாள் முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெற்றோரிடம் பேசினேன், எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் பக்கத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான்.

செய்தியை மாலை வரை நிறுத்தி வைக்க வழி செய்யுங்கள் என்று செயலிக்காரர்களுக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது.

நியாயமாகப் பார்த்தால் அவசரப்பட்டது என் விரல். ஆனால் செயலி வருவதற்கு முன்பு, சத்தம் கேட்டால் நான் அந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன், அவ்வளவுதான். வகுப்பு ஒழுங்கை ஆராய்ந்த ஜேக்கப் கவுனின் 1970இல் சொன்னதும் இதைத்தான்: தவறு நடந்தபின் கண்டிக்கும் விதத்தில் நல்ல ஆசிரியர்கள் மற்றவர்களிடமிருந்து பெரிதாக வேறுபடவில்லை, வகுப்பின் எல்லா மூலையிலும் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அது பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அன்று என் கண் போனில் இருந்தது.

கூட்டல் புள்ளியிலும் ஒரு உறுத்தல் உண்டு. முதல் சில மாதம் வகுப்பு பளிச்சென்று இருந்தது. பிறகு கீழே கிடந்த காகிதத்தை எடுத்துப் போட்டுவிட்டு, "மிஸ், இதுக்குப் புள்ளி உண்டா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1973இல் வந்த ஒரு ஆய்வு ஞாபகம் வருகிறது. ஆசையாகப் படம் வரைந்த சின்னக் குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு வாங்கிய அந்தக் குழந்தைகள், பின்னர் விளையாட்டு நேரத்தில் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. காகிதம் எடுப்பதும் அப்படி ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம்.

போன மாதம் வரை கேட்டிருந்தால் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இன்று அந்த ஆசிரியைக்கு என் பதில்: வேண்டாம். பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுங்கள். டைமர் எந்த போனிலும் இருக்கிறது.

நான் வருடக் கடைசி வரை வைத்திருப்பேன், குலுக்கலுக்கும் டைமருக்கும் மட்டும். வீட்டுக்குத் தகவல் போவதை நிறுத்தலாம், ஆனால் பாராட்டும் சேர்ந்து நின்றுவிடும் என்பதால் இதுநாள் வரை விட்டுவைத்திருந்தேன். நேற்று மாலை உட்கார்ந்து 38 பேருக்கும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் அந்தப் பையனுடையதை.