காவ்காவ் ஆங்கில வினாத்தாள் தொகுப்பு: கேள்வியை நம்பலாம், விளக்கத்தை நம்ப முடியாது

சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவுக்கு ஆங்கிலம் படிப்பவர்கள் வாங்கும் பயிற்சிப் புத்தகங்களில் இரண்டு வகைச் சரக்குதான் இருக்கும். முந்தைய ஆண்டுகளில் உண்மையாகக் கேட்ட வினாக்கள் 'ஜென்தி'. அதே பாணியில் வேறு யாரோ தயாரித்தவை 'மோநி', அதாவது மாதிரி வினாக்கள். பெரும்பாலான தொகுப்புகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி, விடைகளைத் தனிச் சிறு புத்தகமாக உள்ளே செருகித் தருகின்றன. பதிப்பகம் மாறினால் அட்டையும் தாளின் கனமும் மாறும். உள்ளமைப்பு அநேகமாக ஒன்றேதான். அதனால் இந்த மதிப்புரையும் தனியொரு புத்தகத்தைப் பற்றியதல்ல, அந்த அமைப்பைப் பற்றியது. அதிலும் இலக்கணமும் வாசிப்பும் வரும் பக்கங்கள் மட்டும்.

முதலில் மதிப்பெண் கணக்கு. ஜூன் 8 பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வரை தேர்வு, மொத்தம் 150. குவாங்தொங், ஜியாங்சு, ஹுபெய் உட்பட எட்டு மாகாணங்கள் 2021இல் மாறிய புதிய முறைத் தாளில் வாசிப்புக்கு மட்டும் 50 மதிப்பெண். நான்கு பாசேஜ்களில் 15 கேள்விகள், தலா 2.5. கூடவே 'ச்சி ஷுவான் வூ', அதாவது ஏழில் ஐந்தைத் தேர்ந்தெடுத்துப் பாசேஜில் பொருத்துவது, 12.5. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்து கோடிட்ட இடம் நிரப்பும் க்ளோஸ் 15. நாமே சொல் எழுதி நிரப்பும் இலக்கணப் பகுதியில் 10 இடங்கள், தலா 1.5, ஆக 15. கேட்டல் 30, எழுதுதல் 40.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பல தொகுப்புகளில் பழைய முறைப் பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தேசியத் தாளில் நான்கு விடை தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒற்றை வரி இலக்கண வினாக்கள் 2014இலேயே போய்விட்டன. அவற்றின் இடத்தில் வந்ததுதான் பாசேஜுக்குள் சொல் நிரப்புவது. பத்து மதிப்பெண் பிழைதிருத்தமும் புதிய முறைத் தாளில் கிடையாது. கடையில் புத்தகத்தைப் புரட்டும்போது இந்த இரண்டும் எத்தனை பக்கம் தின்றிருக்கின்றன என்று பாருங்கள். கால்வாசிக்கு மேல் போனால் கீழே வைத்துவிடலாம்.

ஜென்தி பகுதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. பாசேஜ்கள் நன்றாக வெட்டப்பட்டவை. பாடத்திட்டத்துக்கு அப்பாற்பட்ட சொல் வந்தால் பக்கத்திலேயே சீனப் பொருள் இருக்கும், அதுவும் தேவைப்பட்ட இடத்தில் மட்டும். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் நிற்கும். இலக்கணப் பகுதியில் 'தட்' எழுதினாலும் 'விச்' எழுதினாலும் சரியென்றால் விடைக்குறிப்பிலேயே இரண்டும் இருக்கும்.

மோநி பக்கங்களுக்கு இந்த நற்சான்று தர முடியாது. வெளிநாட்டுப் பத்திரிகைக் கட்டுரையை 300 சொற்களுக்குச் சுருக்கும்போது வாதத்தின் நடு எலும்பையே எடுத்துவிடுகிறார்கள். பிறகு அந்த எலும்பைப் பற்றியே கேள்வி வரும். இரண்டு விடைகள் பொருந்துகிற கேள்விகளும், வரிக்கு ஒரு சொல்லுக்குச் சீனப் பொருள் தந்து வாசிக்கும் வேலையையே மிச்சமாக்கிவிடும் பாசேஜ்களும் கலந்திருக்கின்றன. மோநியில் பிழை விழுந்தால், தவறு மாணவருடையதா வினாவுடையதா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு வருந்துவது நல்லது.

பெரிய கோளாறு விடைப் புத்தகத்தில்தான் இருக்கிறது. கனமாக இருக்கும், நம்பிக்கை தரும். ஆனால் விளக்கம் என்ற பெயரில் ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று துண்டுகள்தான் வருகின்றன: எந்த விதியைச் சோதிக்கிறது, வாக்கியத்தின் சீன மொழிபெயர்ப்பு, ஆகவே விடை இது. ஒரு மாதிரியைப் பிரித்துப் பார்ப்போம்.

'தி ஓல்ட் பிரிட்ஜ், ____ வித் ஸ்னோ, அட்ராக்ட்ஸ் மெனி விசிட்டர்ஸ்.' கொடுத்திருக்கும் வினைச்சொல் 'கவர்'. விடை 'கவர்ட்'. பலர் எழுதுவது 'இஸ் கவர்ட்'. விடைப் புத்தகம் சொல்வது: முற்றல்லாத வினையைச் சோதிக்கும் வினா, வாக்கியப் பொருள், பனி மூடிய பழைய பாலம் பலரை ஈர்க்கிறது, ஆகவே 'கவர்ட்'. 'இஸ் கவர்ட்' ஏன் வராது என்பதற்கு இதில் பதிலே இல்லை. மாணவர் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார், அடுத்த வாரம் அதே இடத்தில் விழுவார்.

ஏன் விழுகிறார்? சீனத்தில் வினைகளை இணைப்புச் சொல் இல்லாமலே வரிசையாக அடுக்கலாம். காற்புள்ளி போட்டுக்கொண்டே போகும் அந்த வாக்கியத்துக்கு 'லியூஷுவெய் ஜூ', ஓடும் நீர் வாக்கியம் என்றே பெயர். ஆங்கிலத்தில் அப்படி ஓட முடியாது. ஒரு வாக்கியத்தில் காலம் காட்டும் முற்று வினைகள் எத்தனையோ, அதைவிட ஒன்று குறைவாக இணைப்புச் சொற்கள் இருக்க வேண்டும். இரண்டு முற்றுக்கு ஓர் இணைப்பு, மூன்றுக்கு இரண்டு. மேலே உள்ள வாக்கியத்தில் 'அட்ராக்ட்ஸ்' ஏற்கெனவே முற்று. இணைப்புச் சொல் எதுவும் இல்லை. அப்படியானால் இன்னொரு முற்றுக்கு இடமே கிடையாது. 'இஸ்' விழ வேண்டியதுதான். வினைச்சொல் தந்திருக்கும் எந்த இடத்திலும் முதலில் செய்ய வேண்டியது இந்த எண்ணிக்கை. முற்றுக்கு இடம் உண்டென்றால் காலம், எழுவாயோடு இசைவு, செயப்பாட்டு என்று மூன்றையும் பார்க்கலாம். இடம் இல்லையென்றால் 'டு', 'இங்', 'எட்' மூன்றில் ஒன்று. செய்பவர் அந்தப் பெயர்ச்சொல்லே என்றால் 'இங்', செய்யப்படுவது என்றால் 'எட்', நோக்கம் என்றால் 'டு'. எல்லா இடத்தையும் இது தீர்க்காது. ஆனாலும் பெரும்பகுதியைத் தீர்க்கும். இந்த நாலு வரியை அச்சிட்டிருக்கும் விடைப் புத்தகம் அபூர்வம்.

சொல் எதுவும் தராமல் வெறுமனே விடும் இடங்கள் வேறு கதை. பத்தில் மூன்று பொதுவாக இப்படி வரும். ஆர்ட்டிகிள், முன்னிடைச் சொல், இணைப்புச் சொல், இவற்றுக்குள்தான் பெரும்பாலும் விடை. சீனத்தில் ஆர்ட்டிகிளே கிடையாது, நமக்கும் கிடையாது. ஆகவே 'ஏ' விட்டுப்போனால் காது உறுத்தாது. காதை நம்பாமல் கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் தனியாக நின்றால் முன்னால் ஏதோ ஒன்று வந்தே தீரும். 'ஹவர்' முன்னால் 'ஆன்', 'யூனிவர்சிட்டி' முன்னால் 'ஏ'. முடிவு செய்வது ஒலிதான், எழுத்தல்ல. 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடுவது இன்னொரு நிரந்தர நோய். சீனத்தில் 'சுயிரான்' (ஆல்தோ) வந்தால் 'தான்ஷி' (பட்) வரும், 'யின்வெய்' (பிகாஸ்) வந்தால் 'சுவோயி' (ஸோ) வரும்; பெரும்பாலும் ஜோடியாகவே நடமாடும். ஆங்கிலத்தில் ஜோடியில் ஒன்றை வெட்டியாக வேண்டும். முற்று வினை எண்ணும் அதே கணக்கு இதையும் பிடித்துவிடும்.

காலம் பற்றி ஒரு சொல். சீனத்தில் வினைக்குப் பின் 'ல' என்ற துகள் வந்தால் அது இறந்த காலம் என்று பலர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது காட்டுவது செயல் முடிந்ததை, காலத்தை அல்ல. நாளை முடியப்போகும் செயலுக்கும் 'ல' வரும். மொழிபெயர்ப்பைப் பார்த்துக் காலம் முடிவு செய்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பாசேஜில் அக்கம்பக்கத்து வினைகளையும் காலச் சொற்களையும் பார்ப்பதே வழி. எழுத்துப்பிழை, வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து, பன்மை 'எஸ்': இவற்றில் எது தவறினாலும் 1.5 மதிப்பெண் போச்சு.

வாசிப்புப் பகுதிக்கு வந்தால் விடைப் புத்தகம் இன்னொரு விதத்தில் கெடுக்கிறது. பாசேஜ் முழுவதற்கும் சீன மொழிபெயர்ப்பு தருகிறது. மாணவர்கள் அதை வரப்பிரசாதமாக நினைக்கிறார்கள். சிக்கல் சொல் வரிசையில் இருக்கிறது. 'வோ ஸுவோதியன் மாய் த ஷூ' என்ற சீனத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'நான் நேற்று வாங்கிய புத்தகம்'. ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். பெயரெச்சம் முன்னால், பெயர் பின்னால். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: 'தி புக் தட் ஐ பாட் யெஸ்டர்டே'. புத்தகம் முதலில் வந்துவிடும், எப்படிப்பட்ட புத்தகம் என்பது பின்னால் இழுத்துக்கொண்டு வரும். அந்த வாலுக்குள் இன்னொரு வால் இருந்தால், வாலின் நுனியிலிருந்து பின்னோக்கி வந்து சீனமாக்கிப் புரிந்துகொள்ளும் பழக்கம் படுத்துவிடும். மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துப் படிப்பவருக்கு அந்தப் பின்னோட்டம்தான் நன்றாகப் பயிற்சியாகிறது.

மாற்று இதுதான். நீள வாக்கியம் வந்தால் பென்சிலால் மூன்று குறி: முற்று வினைக்கு அடிக்கோடு, இணைப்புச் சொல்லுக்கு வட்டம், வாலின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு. வாலை மறைத்துவிட்டு மிச்சத்தைப் படித்தால் எலும்புக்கூடு தெரியும். பிறகு இடமிருந்து வலமாகவே வாலையும் சேர்க்கலாம். ஒரு பாசேஜில் இப்படிப்பட்ட வாக்கியம் மூன்றோ நாலோதான் இருக்கும். கடினமான கேள்வி பெரும்பாலும் அவற்றில் ஒன்றில்தான் உட்கார்ந்திருக்கும்.

தவறான விடைகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதையும் புத்தகம் சொல்ல வேண்டும். 'ஆகவே பி' என்று முடித்துக்கொள்கிறது. மரங்கள் நிறைந்த இடத்தில் நடப்பது 'மே ஈஸ் ஸ்ட்ரெஸ் இன் சம் அடல்ட்ஸ்' என்று பாசேஜ் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விடை, அப்படி நடந்தால் மன அழுத்தம் குறையும் என்கிறது. 'மே'யும் 'சம்'மும் கழன்றுவிட்டன. இன்னொன்று, நகரங்களில் மரங்கள் போதவில்லை என்கிறது. உலக நடப்பில் உண்மை, பாசேஜில் இல்லை. மூன்றாவது, சில பெரியவர்களுக்குப் பயன் இருக்க வாய்ப்புண்டு என்று வேறு சொற்களில் சொல்கிறது. விடை அதுதான். பாசேஜின் சொற்களையே திருப்பிப் போட்டிருக்கும் விடை பல நேரம் தூண்டில். சரியான விடை உடை மாற்றிக்கொண்டு வரும். 'ஃபியூ'வுக்கும் 'ஏ ஃபியூ'வுக்கும் உள்ள தூரம், 'ஹார்ட்லி'க்குள் ஒளிந்திருக்கும் எதிர்மறை, 'நாட் ஆல்' என்றால் எல்லாரும் இல்லை என்றுதான் பொருள், ஒருவரும் இல்லை என்றல்ல: 2.5, 2.5 ஆகக் கரைவது இந்தச் சின்னச் சொற்களில்தான்.

இணைப்பாக வரும் சொற்பட்டியல் கையேட்டைப் பற்றி ஒரு வரி போதும். அகரவரிசையில் இருப்பதால் எல்லாரும் 'அபாண்டன்' என்ற சொல்லைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். அதற்கப்பால் போனவர்கள் குறைவு. சீன மாணவர்களிடையே இது பழைய நகைச்சுவை.

சரி, இந்தக் குறைகளோடு புத்தகத்தை எப்படிப் பயன்படுத்துவது? ஒரு பாசேஜுக்கு ஏழெட்டு நிமிடம் வைத்து எழுதுங்கள். விடைப் புத்தகத்தைத் திறக்கும் முன், ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியை அடிக்கோடிட்டு ஓரத்தில் கேள்வி எண்ணைப் போடுங்கள். ஆதாரம் கிடைக்காத விடை சரியாக இருந்தாலும் அது தவறுக் கணக்கில்தான் சேரும். அதன் பிறகே விடை பார்ப்பது. மொழிபெயர்ப்புப் பக்கங்களை கிளிப் போட்டு மூடிவிடலாம். தவறுகளுக்கு என்று 'சுவோதிபென்' வைத்திருப்பார்கள், தவறு நோட்டு. வழக்கமாக அதில் கேள்வியை ஒட்டிச் சரியான விடையைச் சிவப்பில் எழுதுவார்கள். அழகாக இருக்கும், பயன் சொற்பம். எழுத வேண்டியது காரணம்: 'முற்று எண்ணவில்லை', 'சம் கவனிக்கவில்லை', 'உலக அறிவால் பதில் சொன்னேன்'. மூன்று நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, விடையை மறைத்து மீண்டும் போட வேண்டும்.

எந்த வரிசையில் என்பதும் முக்கியம். 'ஷுவாதி', அதாவது கேள்விகளைத் தேய்த்துத் தள்ளும் வேகத்தில், மூன்றாண்டு மேல்நிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே எல்லா ஜென்தியையும் தீர்த்துவிடுகிறார்கள். கடைசி ஆண்டு மார்ச் வந்தால் மோநி மட்டும்தான் மிச்சம். பழைய ஆண்டுத் தாள்களைப் பகுதி பகுதியாக வெட்டிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, கடைசி இரண்டு ஆண்டுத் தாள்களை மே மாதம் வரை திறக்காமல் வைப்பது நல்லது. அவற்றை முழுத் தேர்வாக, பிற்பகல் 3 மணிக்கே உட்கார்ந்து எழுத வேண்டும். கேட்டல் முடிய ஏறக்குறைய 20 நிமிடம் போகும். மிச்சம் 100. நான்கு பாசேஜுக்கு 30, ஏழில் ஐந்துக்கு 7, க்ளோஸுக்கு 13, இலக்கணத்துக்கு 8, எழுதுவதற்கு 40. இரண்டு நிமிடம் கையில். இலக்கணம் 8 நிமிடத்தைத் தாண்டினால், முற்று எண்ணும் வேலை இன்னும் கைக்கு வரவில்லை என்று பொருள்.

வாங்கும் இடத்தில் ஒரு சோதனை. விடைப் புத்தகத்தில் ஏதாவது ஒரு இலக்கண வினாவின் விளக்கத்தைப் படியுங்கள். தவறான வடிவம் ஏன் தவறு என்று ஒரு வரியாவது இருந்தால் அந்தப் பதிப்பை எடுங்கள். இல்லையென்றால் விடைப் புத்தகம் மெல்லியதாக, விலை குறைவாக இருக்கும் பதிப்பே போதும். ஜென்தி எல்லாவற்றிலும் ஒன்றுதானே.