லைசென்ஸ்னு சொல்லி 7,800 ரூபாய் பிடுங்கிட்டாங்க: லேப்டாப் சர்வீஸுக்குக் குடுக்கிறவங்க படிங்க

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க. கடைப் பேரைப் போடலை. மதுரையில லேப்டாப் சர்வீஸ் பண்ற ஒரு கடை, அவ்வளவுதான். இந்த மாதிரி இடத்துல என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன்.

போன வாரம் விண்டோஸ் 11 புதுசாப் போடக் குடுத்தேன். அதுக்கு 600 ரூபாய், அதுல எனக்குக் குறை இல்ல. நான் வீட்ல ட்யூஷன் எடுக்கிறவ. வினாத்தாள் அடிக்கணும், வீடியோ போட்டுக் காட்டணும், ஜிப் ஃபைல் பிரிக்கணும். "சாஃப்ட்வேர் பேக்கேஜ் தனிக்கா, ஒரு வருஷ லைசென்ஸ் 7,800"ன்னான் கடைப் பையன். நான் தயங்கினேன். உடனே ஒரு கருப்பு ஜன்னலைத் திறந்து ஏதோ தட்டினான். எழுத்தா ஓடுச்சு, ஒரு பட்டை கொஞ்சம் கொஞ்சமா நிறைஞ்சுது. "சர்வர்ல இருந்து நேரா எடுக்கிறோம்க்கா, பென்டிரைவ் காப்பி இல்ல." மவுஸைத் தொடாமலே வேலை செய்றானே, பெரிய கெட்டிக்காரன்தான்னு நினைச்சு ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன். 7,800.

நேத்து அக்கா பையன் வந்தான், இன்ஜினியரிங் மூணாவது வருஷம். விஷயத்தைச் சொன்னதும் பவர்ஷெல்லை, அதான் கடையில பார்த்த அந்தக் கருப்பு ஜன்னலை, திறந்து மேல் அம்புக்குறி கீயை ஒரு அமுக்கு. கடையில தட்டினது அப்படியே திரும்பி வந்து நிக்குது: விங்கெட் இன்ஸ்டால், பக்கத்துல ஜிப் பிரிக்கிற செவன்ஜிப். இன்னொரு அமுக்கு, வீடியோ போடுற விஎல்சி. இன்னொண்ணு, வினாத்தாள் அடிக்கிற லிப்ரே ஆபீஸ். "சித்தி, மூணுமே ஃப்ரீ. விங்கெட்டும் விண்டோஸ் 11 கூடவே வர்றதுதான். பேரைச் சொன்னா அதுவே தேடி இறக்கிப் போட்டுடும்." மூணு வரி. வரிக்கு 2,600 ரூபாய்!

உடனே கடைக்கு ஃபோன். "ஓனர் சாப்பிடப் போயிருக்கார்." நாலு மணிக்குத் திரும்பப் பண்ணா, "அது சர்வர் சார்ஜ் மேடம்." எந்த சர்வர்? "அதெல்லாம் டெக்னிக்கல்." பில்லுல லைசென்ஸ்னுதானே போட்டிருக்கு, லைசென்ஸ் கீயைக் குடுங்கன்னேன். "பில்லு போட்ட பொண்ணு லீவு."

இன்னைக்குக் காலையில நேர்லயே போயிட்டேன். அந்தப் பையன் தலையே நிமிரலை. ஓனர் சொல்றார்: "ஃப்ரீதான் மேடம், ஆனா உங்களுக்குப் போடத் தெரியாதுல்ல?" சொல்லிட்டு ஒரு சிரிப்பு வேற. போட்டுக் குடுத்த கூலின்னு 300, 500 கேட்டிருந்தா சந்தோஷமாக் குடுத்திருப்பேனே! இல்லாத லைசென்ஸைச் சொல்லி 7,800 வாங்கியிருக்காங்க. ஆறு பிள்ளைங்களோட ஒரு மாச ட்யூஷன் ஃபீஸ் அது.

விவரமா எழுதுறேன்னேன், பிள்ளைங்க வந்து வாசல்ல நிக்குதுங்க. லைசென்ஸ்னு காசு கேட்டா எந்த சாஃப்ட்வேர், கீ என்னன்னு பில்லுல எழுதி வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் அந்த பவர்ஷெல் ஜன்னல்ல விங்கெட் லிஸ்ட்னு (winget list) தட்டிப் பாருங்க, என்னென்ன ஏறியிருக்குன்னு காட்டும். அதுக்காக எவனோ அனுப்புற கமாண்டையெல்லாம் ஒட்டிப் பார்க்காதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் குடுத்துட்டேன். 7,800-க்கான பில்லும், அம்புக்குறி அமுக்கினப்ப வந்த அந்த மூணு வரியோட ஃபோட்டோவும் என்கிட்ட பத்திரமா இருக்கு.