ஷெர்மா, பி.எச்.ஆர்.ஐ.யா?

எங்கள் எச்.ஆர். (மனிதவள) டீமுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் ஆறு மாதம் ஆனதும் கேட்கும் கேள்வி இது: "அக்கா, ஷெர்ம் படிக்கலாமா, பி.எச்.ஆர்.ஐ. படிக்கலாமா?" நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன், ஒன்றில் ஒரு முறை கோட்டையும் விட்டிருக்கிறேன். அதனால் என்னிடம் வருகிறார்கள்.

இரண்டும் எச்.ஆர். வேலைக்கான சான்றிதழ்த் தேர்வுகள், இரண்டும் அமெரிக்கச் சரக்குதான். மனிதவளத் துறைக்கு 1976 முதல் சான்றிதழ் வழங்கி வருவது எச்.ஆர்.சி.ஐ. என்ற அமைப்பு; பி.எச்.ஆர்., பி.எச்.ஆர்.ஐ. இரண்டும் அதன் தேர்வுகள். ஷெர்ம் (SHRM) என்ற எச்.ஆர். ஆட்களின் சங்கம் பல வருடம் அதன் தேர்வுகளைத்தான் ஆதரித்தது. 2014-ல் 'எங்கள் சான்றிதழை நாங்களே தருகிறோம்' என்று தனிக்குடித்தனம் போய்விட்டது. இன்று நம்மைக் குழப்பும் போட்டி அப்போது தொடங்கியது.

பி.எச்.ஆர். அமெரிக்கச் சட்டத்தில் ஊறியது. பன்னிரண்டு வாரச் சம்பளமில்லாக் குடும்ப விடுப்புச் சட்டத்தை உருப்போட்டு, 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு தரும் ஊரில் என்ன செய்ய? அதனால் நமக்கு 'ஐ' போட்ட பன்னாட்டு வடிவம்தான். ஷெர்மிலும் அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களிடம் அந்தச் சட்டக் கேள்விகள் கேட்பதில்லை. ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பற்றி இரண்டுமே வாய் திறக்காது. அதை வேலையில்தான் கற்க வேண்டும்.

பி.எச்.ஆர்.ஐ. படித்தவனுக்குப் பலன் தரும் தேர்வு. ஆள் சேர்ப்பு, சம்பளக் கட்டமைப்பு, பணியாளர் உறவு என்று பாடத்தை ஒழுங்காக முடித்தால் தேறிவிடலாம். ஆனால் எச்.ஆர். அனுபவம் கேட்பார்கள்: முதுகலைக்கு ஒரு வருடம், இளங்கலைக்கு இரண்டு. வருடம் முழுக்க எழுதலாம். பயமிருந்தால் கூடுதலாகக் கொஞ்சம் கட்டி இரண்டாவது வாய்ப்பையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

ஷெர்ம் தரும் சான்றிதழ்களில் நாம் எழுதும் ஷெர்ம்-சி.பி.க்குப் பட்டமோ எச்.ஆர். பதவியோ கட்டாயமில்லை. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? உள்ளே போனால் 134 கேள்விகள், மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ஐந்தில் இரண்டு பங்கு சூழல் சொல்லி முடிவெடுக்கச் சொல்பவை. நான் விழுந்தது அங்கேதான்.

உண்மையான கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் தேர்வு எழுத முடியும். அதனால் இது நானாகச் செய்தது. ஓர் ஊழியர் இரண்டு மாதமாகத் தாமதமாக வருகிறார், உடனே எச்சரிக்கைக் கடிதம் கொடுங்கள் என்கிறார் மேலாளர். கடிதம் கொடுப்பதா? ஊழியரைக் கூப்பிட்டுப் பேசுவதா? வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு மேலாளரோடு உட்காருவதா? உங்கள் மேலதிகாரியிடம் கொண்டுபோவதா? நான்குமே நம் அலுவலகங்களில் தினமும் நடப்பவைதான். என் கை தானாக நான்காவதற்குப் போகும், 'சார், எஃப்.ஒய்.ஐ.' என்று மெயில் போட்டே வளர்ந்த கை. ஷெர்ம் எதிர்பார்ப்பது மூன்றாவதை: முதலில் விவரம், அப்புறம் சம்பந்தப்பட்டவரோடு பேச்சு, பொறுப்பைத் தள்ளிவிடாமல். எது சிறந்த விடை என்று அனுபவசாலிகளின் குழு ஒன்று முடிவு செய்கிறது. எங்கள் ஆபீஸில் இப்படிச் செய்தால் திட்டு விழும் என்று அவர்களிடம் வாதாட முடியாது. முதல் தடவை முழுக்கப் பாடத்தை மனப்பாடம் செய்தேன். இரண்டாவது தடவை பயிற்சிக் கேள்விகளில் தவறான மூன்று விடைகள் ஏன் தவறு என்று நோட்டில் எழுதி வைத்தேன், தேறினேன்.

மதிப்பெண்ணிலும் ஒரு வேடிக்கை. ஷெர்மில் தேற 200 வேண்டும், உச்ச மதிப்பெண்ணும் 200. எல்லையைத் தொட்டவரும் பிரமாதமாக எழுதியவரும் ஒரே வரிசை. பி.எச்.ஆர்.ஐ.யில் தேற 700-க்கு 500. புதுப்பிப்பில் வித்தியாசமில்லை, இரண்டுக்கும் மூன்று வருடத்தில் 60 புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், பே-ரோல், ஆவண வேலையில் இருப்பவர்கள் பி.எச்.ஆர்.ஐ. எழுதட்டும். மேலாளர்களோடு நேருக்கு நேர் மல்லுக்கட்டும் வேலையென்றால் ஷெர்ம், கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை. அதற்கு மே 1 முதல் ஜூலை 15 வரை, டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 15 வரை என்று வருடத்துக்கு இரண்டு பருவம்தான். ஏப்ரலில் அப்ரைசல் சண்டை ஓயாத அலுவலகமாக இருந்தால் மே மாதத் தேதி எடுக்காதீர்கள். ஜூலை முதல் வாரம் போடுங்கள்.