பாலத்துக்கு மேலா, கீழா? காரோடு வந்த நேவிகேஷனுடன் ஆறு வருடம்

நண்பன் ஒருவன் புது கார் பார்த்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் கூப்பிட்டு, "உன் வண்டியில இருக்கிற மாதிரி நேவிகேஷன் வச்ச மாடலே எடுத்துடட்டுமா, இல்ல போனே போதுமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. பழுதுக்குப் போன என் வண்டித் திரை மூன்று வாரம் கழித்து அன்றுதான் திரும்பி வந்திருந்தது; வந்த அன்றே தன் பழைய வேலையைக் காட்டியும் விட்டது. அந்தக் கடுப்பில் அவனிடம் ஏதேதோ பேசிவிட்டேன். நிதானமாகச் சொல்லலாமென்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்குமோ தெரியாது.

பழைய வேலை என்பது மேம்பாலம். தினமும் போகிற வழியில் நீளமாக ஒரு பாலம், அதை ஒட்டியே கீழே சர்வீஸ் ரோடு. பாலத்தின் நட்டநடுவில் போய்க்கொண்டிருப்பேன். "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்பார் உள்ளேயிருக்கும் அம்மணி. இடதுபுறம் இருப்பது கைப்பிடிச் சுவர், அதைத் தாண்டினால் காற்று. நான் திரும்பவில்லை என்றதும் வழியை மாற்றிக் கணக்குப் போட்டு, அடுத்த சந்தில் இடது, அதற்கடுத்த சந்தில் இடது என்று பாலம் இறங்கும்வரை நச்சரிப்பு. சரி, கீழே போனாலாவது ஒழுங்காக இருக்குமா என்றால், அப்போது நான் மேலே போவதாக நினைத்துக்கொண்டு வாயே திறக்காது. திரும்ப வேண்டிய இடம் தாண்டிய பிறகுதான் சுரணை வரும்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். வானம் திறந்து கிடக்கும்போதே சாதாரண ஜிபிஎஸ் சில மீட்டர் அப்படி இப்படித்தான் இருக்கும். பாலமும் சர்வீஸ் ரோடும் அந்தச் சில மீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. உயரத்தை வைத்துப் பிரிக்கலாமே என்றால், ஜிபிஎஸ்ஸுக்கு உயரம்தான் பலவீனமான பாடம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்கு அடியிலிருந்து சிக்னல் வருவதில்லை. அதனால் மேல்கீழ் கணக்கில் பிழை அதிகம். போதாததற்கு, வண்டி இருக்கும் புள்ளியைப் பக்கத்துச் சாலையோடு மென்பொருள் ஒட்டவைத்துவிடும். தப்பான சாலையில் ஒட்டிவிட்டால் லேசில் விடாது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக் கடிகாரத்தைச் சுற்றவிட்டு, சார்பியல் விளைவால் நாளுக்கு 38 மைக்ரோ வினாடி முந்திவிடும் என்று அதையும் கழித்துச் செய்கிற கணக்கு இது. கடைசியில் ஒரு பாலத்தின் உயரத்தில் தடுக்கி விழுகிறது.

நியாயமாகவும் பேச வேண்டும். திரை இல்லாத மூன்று வாரமும் போனை நம்பித்தான் ஓட்டினேன். ஒரு நாள் சுரங்கப்பாதையில் நுழைந்ததும் போனிலிருந்த அம்பு கொஞ்ச தூரம் குத்துமதிப்பாக ஓடிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயே சாலை இரண்டாகப் பிரிகிற இடம் அது. தப்பான பக்கம் போய், வெளியே வந்து, ஏழெட்டு கிலோமீட்டர் சுற்றினேன். வண்டியோடு வந்த நேவிகேஷனில் இது ஒருமுறைகூட நடந்ததில்லை. சிக்னல் போனாலும் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்பது அதற்குத் தெரியும். எந்தப் பக்கம் திரும்பினோம் என்பதை உள்ளேயிருக்கும் ஜைரோ என்ற திருப்பம் உணரும் கருவி சொல்லிவிடும்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மூன்றாவது தளத்திலிருந்து வளைந்து வளைந்து மேலே ஏறும்போது திரையில் சாலையே இருக்காது, வெறும் சாம்பல் நிறம். அதன் நடுவில் அந்தச் சின்ன அம்பு மட்டும் என்னோடு சேர்ந்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு வரும். வாசலில் வண்டி மூக்கை நீட்டும்போது சரியான திசையைப் பார்த்து நிற்கும். போனோ அந்த நேரத்தில் கிழக்கு மேற்கு தெரியாமல் திணறிக்கொண்டிருக்கும், முதல் திருப்பம் கோவிந்தா. ஆறு வருடமாகியும் அந்த அம்பு சுற்றுவதைப் பார்க்க எனக்கு அலுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் காட்டியும் இருக்கிறேன், யாரும் பெரிதாக மெச்சவில்லை.

டவர் இல்லாத மலைப்பாதையிலும் இதற்குக் கவலையில்லை, மேப் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வண்டிக்குள் இருக்கும் மேப் வண்டியோடு சேர்ந்து கிழடாகும். புதிதாகப் போட்ட புறவழிச்சாலையில் நான் போகும்போது திரையில் எந்தச் சாலையும் இல்லாத வெட்டவெளியில் அம்பு நீந்துகிறது. "முடிந்தால் யு-டர்ன் எடுக்கவும்" என்று அம்மணி கெஞ்சுகிறார். போன வருடம் காசு கொடுத்து அப்டேட் செய்தேன். இன்ஜினை அணைக்காமல் முக்கால் மணி நேரம் காத்திருந்து ஏற்றிய புது மேப்பிலும் அந்தச் சாலை இல்லை. சாலை திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நெரிசல் விஷயத்தில் போட்டியே இல்லை. போன் எங்கேயோ இருக்கிறது, இது எங்கேயோ இருக்கிறது.

பழுது பார்த்து வந்த அன்று இன்னொரு கூத்து. பேட்டரியைக் கழற்றிப் போட்டதில் எல்லாம் மறந்துபோய், கூரைக்கடியில் முழித்துக்கொண்டு நின்றது. வெளியே வெயிலில் நிறுத்திவிட்டுக் காத்திருக்கச் சொன்னார் மெக்கானிக். எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கும் என்கிற அட்டவணை ஒரு சுற்று முழுதாக வந்து சேர 12.5 நிமிடம் ஆகுமென்று அப்புறம் தெரிந்துகொண்டேன். நான் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றிருப்பேன். அம்பு திரையில் தலைகாட்டியபோது, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாகத்தான் இருந்தது.

இதை நேற்று ராத்திரி எழுதி முடித்திருந்தால் நண்பனிடம் தாராளமாக எடு என்று சொல்லியிருப்பேன். இன்று காலை அந்தப் பாலத்தின் மேல் மட்டும் நான்கு முறை இடதுபுறம் திரும்பச் சொன்னது. எடுக்காதே. போனே போதும்.