வில்லிஸ் ஜீப் பிரேக் பைப் செட்: பைப் நல்லது, ரப்பர் வேண்டாம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பர்மாவிலேயே தங்கிவிட்ட வில்லிஸ் ஜீப்புகளுக்கு ரங்கூனில் கிடைக்கும் காப்பர்-நிக்கல் பைப் செட்டைத் தாராளமாக வாங்கலாம். கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் மலிவு என்று அந்தப் பக்கம் போகாதீர்கள். அதிர்வில் இறுகி, நட்டுக்குப் பின்னால் விரிசல் விடும். முனையில் இரட்டை ஃப்ளேர் (இரண்டு மடிப்பாக விரித்த வாய்) இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒற்றை ஃப்ளேர் தாங்காது. இந்த வண்டியில் பிரேக் ஆயிலுக்கு ஒரே சர்க்யூட்தான். ஓரிடத்தில் கசிந்தால் நாலு சக்கரமும் போச்சு; டிரான்ஸ்ஃபர் கேஸில் (முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இருக்கும் ஹேண்ட்பிரேக் மட்டும் மிஞ்சும்.

செட்டோடு வரும் வீல் சிலிண்டர் கப்புகள்தான் (சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) தொல்லை. முன்னால் 1 அங்குலம், பின்னால் முக்கால் அங்குலம் வேண்டும். இதில் எட்டும் ஒரே அளவு! தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முன் அச்சைக் கழற்றும்போது கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி) ஷிம்களை, அதாவது இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகளை, மேல், கீழ் என்று பிரித்துக் கட்டி வையுங்கள். கிங் பின் பேரிங் தளர்ந்தால் ஸ்டீயரிங் உதறும். நக்கிளின் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) ஃபெல்ட் சீலையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் கிரீஸோடு தண்ணீர் கலக்கும்.

பிரேக் பைப்பிலிருந்து காற்று எடுப்பதை வலது பின் சக்கரத்தில் தொடங்குங்கள். டாட் 3 பிரேக் ஆயிலோடு சிலிக்கான் டாட் 5-ஐக் கலக்கவே கூடாது.